வீட்டில் ஆள் இருக்கிறது

பிளாஸ்டிக் நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் பல் கூசுகிற ஒரு சத்தம் வரும். கல்யாண மண்டபமோ, சாவு வீடோ, தெருமுனைக் கூட்டமோ, எங்கே அது கேட்டாலும் என் தலை தானாகத் திரும்பிவிடும். யாரையோ உட்கார வைக்கப் போகிறார்கள், இனிமேல்தான் பேச்சு ஆரம்பம் என்று மனது நிமிர்ந்துகொள்ளும். போன வாரம் அம்பத்தூரில் எங்கள் அமைப்பின் அலுவலகத்துக்கு ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வட்டமாக உட்காருவதற்காக நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த வேலையை மறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

புதிய வீடுகளின் கூடத்தில் கேமரா வைக்கலாமா, கூடாதா என்று அன்று அவர்களுக்குள் வாதம். என்னைப் பார்த்ததும் ஒரு பெண் கேட்டாள்: "சார், கேமரா எதுவும் இல்லாம நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்க?" நின்ற வாக்கில் என்னவோ சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது போதவில்லை. ஓய்வு என்ற சொல் இன்னும் என் உடம்பில் ஒட்டவில்லை. காலை ஆனால் கால் ஆவடிப் பக்கம் இழுக்கிறது. அந்தக் காலைக் கொஞ்ச நேரம் மடக்கி உட்கார்ந்து, கைக்கு வேலை கொடுக்கிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவமனையில் பல வருடம் இருந்து, தேறியும்கூடப் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிப்போனவர்கள் உண்டு. அவர்களில் நாலைந்து பேரைச் சேர்த்து, ஊருக்குள்ளே எல்லோரும் குடியிருப்பது மாதிரியே ஒரு வாடகை வீடு எடுத்துக் கொடுப்போம். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. சமைப்பது, துவைப்பது, கடைக்குப் போவது, சண்டை போட்டுக்கொள்வது எல்லாம் அவர்களே. துணைக்கு ஒரு ஆள். ஆவடியை அடுத்த கோவில்பதாகை வீட்டில் அந்த ஆள் நான். தெருவில் சிலர் அதை "மென்ட்டல் ஊடு" என்றார்கள். கீரைக்காரம்மா மட்டும் "ஆம்பளைங்க ஊடு" என்று சொல்லுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

அதற்கு முன் நான் ஒரு மருத்துவமனை வார்டில் உதவியாளன். அங்கே கற்றது தலைகளை எண்ணுவது. இந்த வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சியில், எண்ணுவதை நிறுத்தச் சொன்னார்கள். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஸ்டெல்லா மேடம் என்னைவிடச் சிறியவர். ஆவடிக்காரர். அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய பெண்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் சேர்த்து மேற்பார்வை பார்த்தார். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றும்போதே "என்ன தனபால் அண்ணா, இன்னைக்கு யாரோட கோபத்துல இருக்கீங்க?" என்பார். அதட்ட மாட்டார், குழைய மாட்டார். அவரிடம் ஒரே ஒரு விதிதான் உண்டு. அதை எங்கேயும் தளர்த்த மாட்டார்: ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக் கூடாது. மருத்துவரோ, தெருக்காரரோ, உறவினரோ, யார் வந்து "உங்க ஆளு இருக்காரே" என்று தொடங்கினாலும், மேடம் கையை லேசாகத் தூக்குவார். "ஒரு நிமிஷம்." உள்ளே போவார். ஒரு நாற்காலி இழுபடும். பேச்சுக்கு உரியவரைக் கூட்டி வந்து உட்கார வைப்பார். தானும் உட்காருவார். "இப்போ சொல்லுங்க."

பேசுவதற்கு அவ்வளவு வேகமாக வந்தவர்கள் அந்த இடத்தில் திணறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் சொல்ல இருந்த சொல் முகத்துக்கு நேரே வராது. வேறு சொல் தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் மனுசன் மனுசனைப் பார்ப்பான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை சண்டைக்கு வந்தார். எங்கள் ஜோசப் தினமும் அவர் வீட்டுச் செம்பருத்தியைப் பறித்து, கூடத்தில் இருந்த மாதா படத்துக்கு வைத்துவிடுவான். "அந்தப் பைத்தியத்த அடக்கி வைங்க" என்று கேட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவருக்கு நாற்காலி போடப்பட்டது. எதிர் நாற்காலியில் ஜோசப், தலைக்கு எண்ணெய் தடவி, சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு.

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "தம்பி, கீழ வுழுந்தத எடுத்துக்க. செடில கீறத உட்டுடு."

ஜோசப் யோசித்தான். "கீழ வுழுந்தத மாதாவுக்கு வெக்கலாமாக்கா?"

அக்கா வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கும் அது நியாயமான கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். "வெக்கக் கூடாதுதான்" என்றார். மறுநாளிலிருந்து அவரே பறித்து மதில்மேல் வைத்தார். "ரெண்டுக்கு மேல தரமாட்டேன், உங்க மாதாகிட்ட சொல்லிடு" என்ற மிரட்டலோடு.

இப்படி நிறைய. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஏகாம்பரத்துக்காக.

ஏகாம்பரம் இளவயதில் மருத்துவமனைக்குப் போனவர். எங்கள் வீட்டுக்கு வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்குள் அவரைப் போல ஒரு ஆளைப் பார்க்க முடியாது. சோறு குழையாமல் வடிப்பார். துணியை உதறிக் காயப்போட்டால் இஸ்திரி வேண்டாம். அவருக்குள் ஒரு குரல் இருந்தது. மாத்திரையில் அது தணியும், போகாது. அதை 'அவன்' என்பார். சாயங்காலமானால் பின்கட்டில் துவைக்கிற கல்லருகே நின்று அவனோடு வழக்காடுவார். சத்தமாகத்தான். எங்களுக்குப் பழகிவிட்டது.

பழகாத ஒன்று இருந்தது. ஏகாம்பரம் கேட்டைத் தாண்ட மாட்டார். முடிவெட்ட ஆள் வீட்டுக்கு வர வேண்டும். மருத்துவர் வீட்டுக்கு வர வேண்டும். தேர்தலன்று ஓட்டுப் போட ஆட்டோகூட வைத்துப் பார்த்தோம். கோவில்பதாகை ஏரிக்கரை நடக்கிற தூரம். ஏரி என்று ஒன்று இருப்பதையே அவர் நம்பவில்லையோ என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, நானும் கூட வரேன், பயப்படாத" என்பேன். அவர் ஒவ்வொரு முறையும் அதையே கேட்பார்: "நீயும் வந்துட்டா ஊட்ல யாரு கீறது?"

"பூட்டிட்டுப் போலாம்ணே."

அவ்வளவுதான். உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். இது ஒரு சாக்கு என்று நானும் மேடமும் மருத்துவரும் நினைத்தோம். துணையோடு வெளியே கூட்டிப் போவது, போகப் போகத் தூரத்தைக் கூட்டுவது: எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம்.

வீட்டுக்காரர் வேலாயுதம் மாடியில் இருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பம். நிலம் மனையாகி, மனை வீடாகி, கீழ்வீடு எங்களுக்கு வந்தது. கெட்டவர் இல்லை. வாடகை வாங்குவது, தண்ணீர் மோட்டார் பற்றிச் சொல்வது, எல்லாம் என்னோடுதான். மற்றவர்களைத் தாண்டி நடப்பார், கண்ணை உயர்த்தாமல்.

ஒரு நாள் மாலை கேட்டுக்கு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தனபாலு, நாயித்துக்கெழம எம்மவ கௌசல்யாவப் பொண்ணு பாக்க வராங்கபா. பூந்தமல்லி ஆளுங்க. நல்ல எடம்."

"சந்தோசம்ணே."

"அதான்... அன்னிக்கி ஒரு நாளு இவங்கள எங்கனா கூட்டினு போயேன். பீச்சுக்குப் போ, கோயிலுக்குப் போ. வேன் நான் புடிச்சுத் தரேன். பிரியாணியும் என்னுது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "தப்பா நெனக்காத. ஏகாம்பரம் சாய்ந்தரமானா பின்னாடி நின்னு கத்தினுக்கீறான். வரவங்க இன்னா நெனைப்பாங்க? பொண்ணு வாழ்க்கபா. இதுல எதுனா ஆச்சுன்னா, அப்பறம் ஊட்டக் காலி பண்ணுங்கன்னு சொல்றாப்புல பூடும். இப்பவே சொல்ட்டேன்."

அவர் கேட்டது எனக்குப் பெரிய தவறாகத் தெரியவில்லை. ஒரு நாள். கடல். பிரியாணி. வீடு போய்விட்டால் இன்னொரு வீடு தேட எத்தனை தெரு ஏறி இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'சரிண்ணே' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது உள்ளேயிருந்து சத்தம். தரையில் நாற்காலி. ஒன்றல்ல, வரிசையாக.

எங்கள் வீட்டு முனுசாமியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா மேடம் கண்ணைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். "அண்ணே, உள்ள வாங்க. எல்லாரும் உக்காந்தாச்சு."

"அவங்ககிட்ட இன்னாம்மா பேசறது?"

"தனபால் அண்ணாகிட்ட பேசினதுதான்."

வேலாயுதம் தன் சொந்த வீட்டின் கூடத்தில் விருந்தாளி போல உட்கார்ந்தார். எதிரே நால்வர். தொண்டையைச் செருமினார். வேட்டி மடிப்பைச் சரிசெய்தார்.

"ஒண்ணுமில்ல. நாயித்துக்கெழம மேல ஒரு விசேசம். நீங்கல்லாம் சோக்கா பீச்சுக்குப் போய்ட்டு வரீங்களா?"

"நாயித்துக்கெழம எனக்குப் பூசை கீது" என்றான் ஜோசப். "திங்கக்கெழமன்னா வரேன்."

"பிரியாணி மட்டனா, கோழியா?" இது முனுசாமி. கேட்டுக்கு வெளியே பேசியது அவர் காதுக்கு வந்திருக்கிறது.

"மட்டன்."

"அப்ப நான் ரெடி."

நான்காமவர் சங்கர், எதற்கும் தலையாட்டுகிறவர். தலையாட்டினார். வேலாயுதத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஏகாம்பரம்?"

ஏகாம்பரம் பக்கவாட்டில் திரும்பி, "இரு, நானே சொல்றேன்" என்று அவனை அடக்கினார். பிறகு வேலாயுதத்தை நேராகப் பார்த்தார். "நான் வரல."

"ஒரு நாளுதானபா."

"எங்கண்ணனும் அதாண்ணாத்தே சொன்னான். எங்கக்கா கல்யாணம். மாப்ள ஊட்டாளுங்க வருவாங்க, நீ கத்தினுக்கீற, நாலு நாளு ஆஸ்பத்திரில இரு, தாலி கட்னதும் வந்து இட்டுகினு போறேன்னான். ரிக்சால ஏத்திகினு போனான். உட்டுட்டு, 'வரேன்'னான்."

வெங்காய வாடை கூடம் முழுக்க நின்றது.

"கல்யாணம் முடிஞ்சிருக்கும். எங்கக்காக்குப் பேரப்புள்ளயே பொறந்துருக்கும். அந்த ஊட்டுலேருந்து நான் கால எடுத்தேன், கதவச் சாத்திகினாங்க. இந்த ஊட்டுக் கதவ யாரும் சாத்தல. நான் உள்ளயே கீறன்ல?"

இத்தனை வருடம் அவரோடு ஒரே பானைச் சோறு தின்றவன் நான். இதை அன்றுதான் கேட்டேன். நாங்கள் யாரும் கேட்காததை, வீட்டுக்காரர் தன் காரியத்துக்காகக் கேட்டு வாங்கிவிட்டார்.

வேலாயுதம் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். நாங்கள் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் அங்கே எங்கள் வேலை. அதைவிடக் கடினமான வேலையை நான் பார்த்ததில்லை. வீடு போகும் போலிருந்தது. கடைசியில் அவர் ஏகாம்பரத்திடமே கேட்டார்: "அப்ப நான் இன்னாதான்பா பண்றது?"

"நாங்க கம்முனு கீறோம். யாருன்னு கேட்டா வாடகைக்குக் கீறாங்கன்னு சொல்லு. பொய்யில்லியே."

வேலாயுதம் எழுந்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. படியேறிப் போனார்.

அன்று மேடம் ஸ்கூட்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் கேட்டருகே நின்றார். "அண்ணா, நாம அவரோட வெளிய போகப் பாத்தோம்" என்றார். "அவர் கேட்டது உள்ள ஒரு ஆளு."

'நீயும் வந்துட்டா ஊட்ல யாரு கீறது?' எனக்குக் காதுக்குள் அறைந்தது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜோசப் பூசைக்குப் போய்விட்டான். ஏகாம்பரம் காலையிலேயே வாசலைக் கழுவிவிட்டார். வேன் வரவில்லை, பிரியாணியும் வரவில்லை. முனுசாமி முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் போல நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நாலு மணி வாக்கில் இரண்டு கார் வந்தது. பட்டும் பூவும் பழத்தட்டுமாக எல்லோரும் மாடிக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் இரண்டு படி ஏறி நின்றுவிட்டார். முழங்கால்.

"நீங்க பேசிகினு வாங்க. நான் இங்கியே குந்தறேன்" என்றவர், திறந்திருந்த எங்கள் வீட்டைப் பார்த்தார். ஏகாம்பரம் எழுந்து வந்து, "உள்ள வந்து குந்து சார், காத்து வரும்" என்றார். மாடிப்படியின் திருப்பத்தில் வேலாயுதம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

பெரியவர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பேச்சு முழங்காலில் தொடங்கி, பூந்தமல்லியில் கத்தரிக்காய் விலைக்குப் போய், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்பதற்கு வந்தது. "நான் பாத்ததில்ல சார்" என்றார் ஏகாம்பரம் உண்மையாக. பாதிப் பேச்சில் சட்டென்று தோள்பக்கம் திரும்பி, "ஏய், கொஞ்ச நேரம் சும்மாரு. வந்தவங்ககிட்ட பேசினுக்கீறேன்ல" என்று அதட்டினார்.

"யார்கிட்டபா பேசற?" என்றார் பெரியவர்.

"எனக்குள்ள ஒருத்தன் கீறான் சார். ஓயாம பேசினேயிருப்பான். மாத்தர சாப்டறேன், கொறைவாத்தான் கீது."

பெரியவர் மாடியைச் சுட்டிக் காட்டினார். "நீ குடுத்து வெச்சவன்பா. எனக்கு வெளிய ஒருத்தி பேசினேயிருக்கா. அதுக்கு மாத்தரயே கெடையாது."

முதலில் சிரித்தது சங்கர். தலையாட்டுவதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

சம்பந்தம் முடிந்ததா என்றால், முடியவில்லை. நாலு நாள் கழித்து வேலாயுதம் படியிறங்கி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று முன்னால் போய் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு, "நீ இல்லபா. ஏகாம்பரம் எங்க?" என்றார்.

நேராகப் பின்கட்டுக்குப் போனார். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார். "பொண்ணு வாணான்ட்டா ஏகாம்பரம். பையன் போனையே பாத்துகினு இருந்தானாம். இதெல்லாம் ஒரு காரணமா? நீயே சொல்லு."

"கௌசல்யாம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்ணாத்தே."

"நீயும் அவ பக்கமா?"

நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுக்காரர் தன் குடித்தனக்காரரிடம் வந்து குறைப்படுகிறார். நான் அதில் தேவைப்படவில்லை. வேலையில் இருந்த காலத்தில் யார் யாரோ பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்த "நீ இல்லபா"வுக்கு நிகராக எதுவும் இல்லை.

அதன் பிறகு நாங்கள் முறையைத் திருப்பிப் போட்டோம். நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வாசலுக்கு நேரே உட்கார்ந்துகொள்வேன். "நீ போய்ட்டு வாண்ணே. நான் ஊட்லதான் கீறேன்." முதல் தடவை ஏகாம்பரம் கேட்டைத் தாண்டினார், திரும்பிப் பார்த்தார், உள்ளே வந்துவிட்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அடுத்து தெருமுனை. பிறகு டீக்கடை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார், தன் கட்டில், தன் தட்டு, தன் துண்டு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று. இருக்கும். மழைநாளில், வெயிலில், எனக்குக் காய்ச்சலடித்த நாளில்கூட, நான் நகரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். மருத்துவர்கூட, "கூட யாரும் போகலையா? ரிஸ்க்காச்சே" என்றார். மேடம் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவரிடமே கேட்கச் சொன்னார்.

ஒரு நாள் அவர் திரும்பி வந்து, "ஏரில தண்ணி கீது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆவடி பஸ் நிலையம் வரை போனார். பிறகு பூந்தமல்லி. வேலாயுதத்துக்குத் தெரிந்த ஒருவர் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் செடி நர்சரி வைத்திருந்தார். வேலாயுதமே பேசி வேலைக்குச் சேர்த்துவிட்டார். செடிகளுக்கு நடுவே நின்று அவனோடு எவ்வளவு வழக்காடினாலும் யாருக்கும் தொந்தரவில்லை. லாரிச் சத்தத்தில் அவனுக்கே தான் பேசுவது கேட்காது என்று ஏகாம்பரம் சொல்லிச் சிரிப்பார். அவர் வேலைக்குப் போகத் தொடங்கியபின் நான் வாசலில் உட்காருவது குறைந்தது. முனுசாமி உட்கார்ந்தார், ஜோசப் உட்கார்ந்தான். பிறகு ஒரு நாள் யாருமே உட்காரவில்லை. பூட்டிவிட்டுப் போனார்கள். சாவியை மாடியில் கௌசல்யாவிடம் கொடுத்தது ஏகாம்பரம்தான்.

அம்பத்தூரில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். நாங்கள் யாரையும் கண்காணிக்கவில்லை. போகிறவர் திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஒரு கேமராவால் யாரை வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியும். 'வந்துட்டியா' என்று கேட்க முடியாது.

நான் ஓய்வு பெற்ற அன்று ஜோசப் பாட்டுப் பாடினான். முனுசாமி பிரியாணி வைத்தார், மட்டன். என் இடத்துக்கு வந்தவர் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்டு வரை ஏகாம்பரம் கூட வந்தார். கேட்டைத் தாண்டியும் வந்தார்.

"அப்ப, வரேண்ணே" என்றேன்.

"சும்மா வரேன்னு சொல்லாத தனபாலு. எந்த நாளுன்னு சொல்லு."

பையைக் கீழே இறக்கி வைத்தேன். "வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம காலைல வரேன்."

ஏகாம்பரம் தலையை ஆட்டி மறுத்தார். "காலைல வராத. நான் வேலைக்குப் பூடுவேன், ஊட்ல இருக்கமாட்டேன். சாய்ந்தரமா வா."